அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைப்பது சரியா?

தாமரைக்குளம்:
நான் இருப்பது ஒஹையோவில். வைத்திருப்பது அன்லிமிடெட் டேட்டா பிளான், அதுவும் ஒப்பந்தம் போட்டு வாங்கியது. மாதம் 20ஆம் தேதி ஆனால் போதும், வேகம் படுத்துவிடுகிறது. போன மாதம் ஊரில் அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அன்று வீடியோ அழைப்பில் அவர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, குரல் விட்டு விட்டு வந்தது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், “டேட்டாவை நாங்கள் நிறுத்தவில்லையே, வேகம்தானே குறைகிறது” என்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொல்லிச் சண்டை போட நான் வரவில்லை. எல்லையே இல்லை என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு இப்படிச் செய்யலாமா என்பதுதான் என் கேள்வி.

அலைவரிசை:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பத்து வருடம் செல்போன் நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு டவரைப் பெரும்பாலும் மூன்று திசைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு திசையில் இருக்கும் அலைக்கற்றையை அந்தப் பக்கம் இருக்கிற எல்லோரும் பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வரும் கேபிளைப் போல ஆளுக்கொன்று இழுத்துக்கொடுக்க முடியாது. அமெரிக்காவின் பெரிய செல்போன் கம்பெனிகளில் ஒன்றான ஏடி அண்ட் டி 2007இல் ஐபோனோடு அன்லிமிடெட் டேட்டாவை விற்றது. ஓரிரு வருடத்தில் நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அழைப்புகளே அறுந்துபோகிற அளவுக்கு நெரிசல் வந்தது. 2010 ஜூனில் புதியவர்களுக்கு அன்லிமிடெட் தருவதை நிறுத்தினார்கள். 2011இல் போட்டிக் கம்பெனியான டி-மொபைலை 39 பில்லியன் டாலருக்கு வாங்கப் பார்த்ததற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணமே அலைக்கற்றைப் பற்றாக்குறை. அரசு எதிர்த்து வழக்குப் போட்டதும் அந்த வருடக் கடைசியில் கைவிட்டார்கள். எங்கள் துறையில் இந்தத் தட்டுப்பாடு நிஜம். அதிகம் இழுப்பவரைக் கொஞ்சம் அடக்கினால்தான் மற்றவர்களுக்கு வரும்.

நெல்லைச்சீமை:
அலைவரிசை சார், அதே ஏடி அண்ட் டி கதையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தால் உங்கள் வாதம் நிற்காது. 2011 அக்டோபரில் பழைய அன்லிமிடெட் வாடிக்கையாளர்களின் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். 2012 மார்ச்சில் வரம்பை வெளிப்படையாகச் சொன்னார்கள்: 3ஜி போனுக்கு 3 ஜிபி, எல்டிஇ (4ஜி) போனுக்கு 5 ஜிபி. அப்போது அன்லிமிடெட் பிளான் மாதம் 30 டாலர். அதே 30 டாலருக்கு 3 ஜிபி பிளான் ஒன்றும் விற்றார்கள். அந்தப் பிளான்காரர் 3 ஜிபியைத் தாண்டினால் ஜிபிக்கு 10 டாலர் கூடுதல், வேகம் மட்டும் முழுசாகக் கிடைக்கும். ஒரே டவர், ஒரே நேரம், இருவரும் 6 ஜிபி ஓட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். கூடுதல் காசு கொடுத்தவரால் நெரிசல் வராதாம், அன்லிமிடெட் வைத்திருப்பவரால் மட்டும் வருமாம். பற்றாக்குறைதான் காரணம் என்றால் இருவரையும் அடக்கியிருக்க வேண்டும். பழைய பிளானில் இருப்பவர்களைப் புதுப் பிளானுக்குத் தள்ளுவதற்காகச் செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அலைவரிசை:
அந்த விலைக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் விலையும் நெரிசலைக் குறைக்கும் வழிதான். ஒவ்வொரு ஜிபிக்கும் 10 டாலர் என்றால் ஆள் தானாகவே கையை அடக்குவார். அன்லிமிடெட் வைத்திருப்பவருக்கு அந்தத் தடை கிடையாது. அப்புறம், யாருக்கும் தெரியாமலும் செய்யவில்லை. பில்லில் அறிவிப்பு வந்தது, வேகத்தைக் குறைப்பதற்கு முன் குறுஞ்செய்தி அனுப்பினோம் என்று கம்பெனி சொன்னது. ஒப்பந்தத்தைப் படித்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம்?

இளவேனில்:
அண்ணா, ஒப்பந்தம் என்று எடுத்ததால் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் கட்டுண்ட பிறகு வரும் குறுஞ்செய்தியால் என்ன பயன்? பிடிக்கவில்லை என்று விலகினால் அப்போது ஸ்மார்ட்போனுக்கு 325 டாலர் வரை அபராதம் இருந்தது. மாதா மாதம் 10 டாலர் குறைந்தது, அவ்வளவுதான். விதியைப் பாதியில் மாற்றியவர் அவர், தண்டம் கட்ட வேண்டியவர் நான்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அதுவும் எளிதில்லை. எல்லோரும் சேர்ந்து கூட்டு வழக்குப் போட முடியாதபடி அதே ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி ஒன்று இருக்கும், அதாவது தகராறைக் கோர்ட்டில் இல்லாமல் தனியார் நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்பது. அது செல்லும் என்று 2011 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. அந்த வழக்கிலும் கம்பெனி ஏடி அண்ட் டிதான். தனித்தனியாகச் சிறு வழக்கு மன்றத்துக்குப் போகும் வழி மட்டும் திறந்திருந்தது. 2012 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சிமி வேலியில் ஒரு வாடிக்கையாளர் வக்கீல் இல்லாமலே வாதாடி 850 டாலர் வாங்கினார். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

நெல்லைச்சீமை:
2014 அக்டோபரில் எஃப்டிசி (நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) ஏடி அண்ட் டி மேல் வழக்குப் போட்டதையும் சொல்லுங்கள் இளவேனில். குறைந்தது 35 லட்சம் பேர், மொத்தம் 2 கோடியே 50 லட்சம் தடவைக்கு மேல் வேகம் குறைக்கப்பட்டார்கள் என்பது அவர்கள் வைத்த கணக்கு. 2 ஜிபியிலேயே குறைக்கப்பட்டவர்களும் அதில் உண்டு.

இளவேனில்:
ஆமாம். அந்த வழக்கில் கம்பெனி முதலில் எடுத்த வாதம் “நாங்கள் தொலைபேசிச் சேவை நிறுவனம், எங்கள்மேல் எஃப்டிசிக்கு அதிகாரமே இல்லை” என்பது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2018 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஏமாற்றினார்களா இல்லையா என்ற கேள்விக்கு வருவதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் 2019 நவம்பரில் 60 மில்லியன் டாலருக்குச் சமரசம். இனி வேக வரம்பு இருந்தால் பொடி எழுத்தில் ஒளிக்காமல் விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. எஃப்டிசி சொன்ன 35 லட்சம் பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 17 டாலர் வரும்.

அலைவரிசை:
சமரசம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது தங்கச்சி. இன்னொன்று, 2015இலேயே அவர்கள் முறையை மாற்றிவிட்டார்கள். வரம்பு 22 ஜிபி ஆனது, அதைத் தாண்டினாலும் டவரில் நெரிசல் இருக்கும்போது மட்டுமே வேகம் குறையும் என்றார்கள். நான் சரி என்று சொல்வது இந்த முறையைத்தான்.

நெல்லைச்சீமை:
அப்படியென்றால் 2011இல் ஏன் அப்படிச் செய்யவில்லை? நெரிசல் நேரத்தில் மட்டும் அடக்க முடியும் என்றால், ஆள் நடமாட்டமே இல்லாத ராத்திரியில் அடக்கியது எதற்கு?

இதில் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. 2018இல் கலிபோர்னியாவில் மெண்டசினோ காம்ப்ளக்ஸ் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது, சாண்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறையின் கட்டுப்பாட்டு வண்டிக்கு வெரிசான் என்ற இன்னொரு செல்போன் கம்பெனி வேகத்தைக் குறைத்துவிட்டது. அவர்கள் வைத்திருந்ததும் அன்லிமிடெட் பிளான்தான், 25 ஜிபி தாண்டியிருந்தது. வழக்கமான வேகத்தில் 200இல் ஒரு பங்குகூட வரவில்லை என்று துறைத் தலைவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். தீயணைப்பு வீரர்கள் கேட்டதற்கு, விலை கூடிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். பிறகு அது வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த தவறு என்று வெரிசான் ஒப்புக்கொண்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அலைவரிசை:
அதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. அவசர நேரத்தில் உடனே தடையை எடுத்திருக்க வேண்டும்.

தாமரைக்குளம் அம்மா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வகைக் குறைப்பு இருக்கிறது. ஒன்று, டவரில் கூட்டம் இருந்தால் மட்டும் உங்களைப் பின்வரிசைக்குத் தள்ளுவது. கூட்டம் கலைந்ததும் வேகம் திரும்பிவிடும். இன்னொன்று, வரம்பு தாண்டியதும் பில் தேதி வரை உங்கள் இணைப்பையே ஒரே வேகத்தில் கட்டிப்போடுவது. 20ஆம் தேதிக்குப் பிறகு மாலை 7 மணிக்கு ஒரு முறை, அதிகாலை 3 மணிக்கு ஒரு முறை, வீட்டில் ஒரே இடத்தில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று வலுவாகச் சந்தேகிக்கலாம்.

தாமரைக்குளம்:
நான்கு நாள் அளந்தேன். மாலையிலும் அதிகாலையிலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வருகிறது. ஒரு நாள் ஊருக்கு வெளியே வயல்வெளி நடுவில் இருக்கும் பெட்ரோல் பங்கில் நின்றும் பார்த்தேன், அங்கேயும் அதுவே.

அலைவரிசை:
அப்படியானால் அது நெரிசல் இல்லை. உங்கள் கணக்கிலேயே வைத்த பூட்டு. நெரிசலுக்காக அடக்குவது சரி என்று இப்போதும் சொல்வேன், ஆனால் உங்களுக்கு நடந்திருப்பது அது இல்லை.

இளவேனில்:
அந்த எண்களைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள் அக்கா. பிளான் வாங்கியபோது காட்டிய விளம்பரத்தின் படம் இருந்தால் அதையும் சேர்த்து, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசியின் இணையதளத்தில் முறையிடுங்கள். கட்டணம் இல்லை. புகார் கம்பெனிக்குப் போனதும் 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

தாமரைக்குளம்:
விளம்பரத் தாள் அலமாரியில்தான் இருக்கிறது. அன்லிமிடெட் என்பது பாதிப் பக்கத்துக்குப் பெரிதாக இருக்கிறது, வரம்பு கடைசி வரியில் எறும்பு மாதிரி. இரண்டையும் படம் எடுத்து இன்றிரவே அனுப்புகிறேன்.