பழைய ஸ்டேஷன் கல் சுவரில் உப்பு பூக்குது, என்ன பண்ணலாம்?

நொய்யல்கரை:
1862-ல் மெட்ராஸ் ரயில்வே பாதை கோவை பக்கத்துப் போத்தனூருக்கு வந்த காலத்துப் பாணியில் ஒரு சின்ன ஸ்டேஷன் கட்டடங்க. கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, வளைவு ஜன்னல், சீமை ஓட்டுத் தாழ்வாரம், அதன் ஓரத்தில் பல் பல்லா வெட்டின தொங்கு பலகை. பிற்காலத்தில் கல் இடுக்கில் சிமெண்ட் பூசியிருக்காங்க. இப்ப உள்பக்கம் மூணடி உயரத்துக்கு உப்பு பூத்துப் பூச்சு உதிருது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா நிக்குங்களா? பலகை நுனியும் மக்கிப்போச்சு.

காளவாய்:
பெயிண்ட் வேண்டாங்க. கருங்கல் தண்ணி குடிக்காது. ஈரம் ஏறுறதும் காயுறதும் சாந்து வழியாத்தான். வெளியே சிமெண்ட் அடைச்சதால ஈரம் உள்பூச்சுப் பக்கம் திரும்பி, அங்கே காஞ்சு உப்பைத் தள்ளுது. பெயிண்ட் அடிச்சா ஈரம் இன்னும் மேல ஏறும்.

முதல்ல பிளாட்பார உயரத்தைப் பாருங்க. பிளாட்பாரக் கான்கிரீட் கல் சுவரை ஒட்டி நின்னா, ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்து ஜல்லி நிரப்பி, தண்ணி ஓட வாட்டம் கொடுங்க. இதை விட்டுட்டு சுவரைத் தொட்டா வேலை வீண்.

அப்புறம் உளி, சுத்தியல்ல சிமெண்டை எடுங்க. பிரேக்கர் மெஷின் வெச்சா கல் விளிம்பு சிதறும். இடுக்கை ஓரங்குலம் ஆழம் சுரண்டி, நல்லா நனைச்சு, 1 பங்கு ஊறின சுண்ணாம்பு, 1 பங்கு செங்கல் பொடி, 2 பங்கு மணல் சாந்தை அழுத்தி அடைங்க.

ஆனைமலைக்காத்து:
கடுக்காய், கருப்பட்டித் தண்ணி சேர்க்கலாம், ஆனா அளவா. இனிப்பு மிஞ்சினா சாந்து இறுகாது.

இன்னொண்ணு, ஆடி மாசம் ஆரம்பிக்காதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சாந்தை ஒரே நாள்ல உலர்த்திடும். சுண்ணாம்பு இறுக ஈரம் வேணும். இல்லேன்னா விரல் பட்டாலே பொடியாகும். மார்கழி, தையில் பண்ணி, நனைச்ச சாக்கு ஏழு நாள் தொங்கவிடுங்க.

தச்சுப்பட்டறை:
பலகை நுனி அழகுக்கு மட்டும் இல்லைங்க. மழைத்தண்ணி சுவர்ல படாம நுனியில சொட்டத்தான் அந்தக் கூர். மரத்தோட வெட்டு முகம் அங்கே இருக்கிறதால தண்ணிய உறிஞ்சி மக்கும். நல்லா இருக்கிற ஒரு பலகையை அட்டையில் வரைஞ்சு எடுத்து, அதே வடிவத்துல தேக்குல வெட்டுங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே வெட்டு முகத்துல ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கை, காஞ்சதும் பிரைமர். பலகைக்குப் பலகை நூலளவு இடைவெளி விடுங்க, மழையில் உப்பினா வளையாது.