பிறந்த நாடு எது என்று கேட்ட கட்டம்: இலங்கை ஈடிஏ அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து

முதல்முறை வெளிநாடு போகிற நம் ஆட்கள் நிறைய பேர் இலங்கையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஈடிஏ, அதாவது போவதற்கு முன்பே இணையத்தில் வாங்கும் பயண அனுமதி, எடுப்பது பற்றி உறவுக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், எங்களுக்கு நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

2023 பிப்ரவரியில் அம்மாவும் நானும் போனோம். எனக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம். அம்மா கதை வேறு. அவர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) 1966-ல் பிறந்தவர். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை பற்றி இரு நாடுகளும் 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தாவுக்கு இந்தியக் குடியுரிமை வந்தது. 1974-ல், எட்டு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார். டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். பெரியம்மாவுக்கு அப்போதே கல்யாணமாகிவிட்டதால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து 49 வருஷம் ஆகியிருந்தது.

டிக்கெட் போட்ட டிராவல்ஸ்காரரிடமே ஈடிஏவையும் கொடுத்தோம். ஆளுக்கு 4,500 ரூபாய் வாங்கினார். அன்றைக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரர்களுக்கு அரசாங்கக் கட்டணம் 20 டாலர், நம் பணத்தில் 1,650 ரூபாய் சுமார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. வந்த அனுமதித் தாளை அச்செடுத்து, அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. தாளில் வெறும் 'கே' என்று ஒற்றை எழுத்து. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் நாம் இனிஷியல் போட்டுத்தானே பழக்கம், டிராவல்ஸ்காரர் ஆதார் நகலைப் பார்த்து அடித்திருக்கிறார். அடுத்த வரியில் பாஸ்போர்ட் எண். சைபர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ'.

இந்திய பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு எழுத்து, பிறகு ஏழும் இலக்கங்கள்தான். அதனால் இரண்டாவது இடத்திலிருந்து எங்கேயும் 'ஓ' வரவே வராது, வட்டமாகத் தெரிந்தால் அது சைபர். இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது யாராவது ஞாபகம் வைத்துக்கொண்டால் நான் இவ்வளவு எழுதியதற்குச் சந்தோஷப்படுவேன். அனுமதி உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்துத்தான் பதிவாகிறது. எண் மாறினால் அந்த அனுமதி உங்களுடையதே இல்லை.

டிராவல்ஸ்காரர் "ஒண்ணும் ஆகாதுங்க, அங்க போய்ச் சொல்லிக்கலாம்" என்றார். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுபடியும் நானே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தேன். தேடினால் ஒரே மாதிரி தோற்றத்தில் நாலைந்து தளங்கள் வருகின்றன, இலங்கைக் கொடி, சிங்கம் எல்லாம் போட்டு. முகவரி 'கவ் டாட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்தேன். அரசாங்கத் தளம் அப்படித்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் கொடுத்த தேதி, முடியும் தேதி என்று வரிசையாகப் போனது. பிறந்த நாடு என்ற கட்டம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"இந்தியான்னே போட்ரு பாப்பா."

"ஏம்மா? பாஸ்போர்ட்ல நுவரெலியான்னு இருக்கே."

"சிலோன்னு போட்டா எதுக்கு வர்றேன்னு கேப்பாங்க. போனவங்க ஏன் திரும்பி வர்றீங்கன்னு கேப்பாங்க."

கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இங்கே வந்து இத்தனை வருஷமாக 'சிலோன்காரங்க' என்று சொல்லக் கேட்டவர். அங்கே போனால் இந்தியாக்காரி. எந்தப் பக்கம் எழுதினாலும் தப்பாகிவிடும் என்று பயப்படுகிறார். உள்ளே போய் மஞ்சப்பையை எடுத்து வந்தார். அதில் இந்தியா வரும்போது தாத்தா பெயரில் கொடுத்த குடும்ப அட்டை, மடித்த இடமெல்லாம் கிழிந்து பின்னால் துணி ஒட்டியது. அதில் இவர் பெயருக்கு நேராக வயது 8 என்று மசியில் எழுதியிருக்கிறது. அதைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி, உள்ளதையே போடு" என்றார்.

இலங்கை என்றே போட்டேன். பாஸ்போர்ட் ஒன்று சொல்லி விண்ணப்பம் வேறொன்று சொன்னால் அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அங்கே பிறந்திருப்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

கடைசியில் மூன்று கேள்விகள் வரும். இலங்கையில் தங்கும் விசா இருக்கிறதா, இப்போது ஈடிஏவோடு இலங்கைக்குள் இருக்கிறீர்களா, பலமுறை வந்துபோகும் விசா இருக்கிறதா என்பவை. புதிதாகப் போகிறவர்களுக்கு மூன்றுக்கும் 'இல்லை'தான். எதற்கும் நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பணம் கட்டும்போது கார்டு இரண்டு தடவை மறுத்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வருகிறது, ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கிச் செயலிக்குள் போய் நாமே திறந்துவிட வேண்டும். திறந்ததும் மூன்றாவது தடவை போய்விட்டது. மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் அனுமதி மின்னஞ்சலில் வந்தது. 30 நாள், இருமுறை நுழைவு. இந்தத் தடவையும் எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தோம். அம்மா பாஸ்போர்ட்டைப் படிக்க, நான் தாளைப் பார்த்தேன்.

நாகப்பட்டினத்திலிருந்து

அம்மா கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் அக்கா. எங்கள் அனுபவம் வேறு மாதிரி, ஆனால் சொல்ல வேண்டியது.

2024 அக்டோபரில் அப்பாவும் நானும் நாகையிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் இருக்கும் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனோம். 110 கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி நேரப் பயணம். அப்பா ஜூன் மாதம் வந்த ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்து வைத்துக்கொண்டு அதேபடி செய்ய உட்கார்ந்தார். அந்த வருஷம் ஏப்ரலில் இலங்கை அரசு ஈடிஏவை நிறுத்திவிட்டு, தனியார் வழியாக நடக்கும் வேறு முறையைக் கொண்டுவந்திருந்தது. அங்கே பெரிய எதிர்ப்பாகி, ஆகஸ்டில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பர் கடைசியில் பழைய ஈடிஏவே திரும்ப வந்தது. ஆக, ஜூன் காணொளியில் காட்டிய தளம் எங்களுக்கு உதவவில்லை. அப்பா ஒரு மத்தியானம் பூராவும் அதில் மல்லாடினார். நாலு மாசத்துக்கு முந்தின தகவல்கூடச் செல்லாமல் போய்விடுகிறது. போகிற வாரத்தில் அரசுத் தளத்தையே பாருங்கள். கட்டணத்துக்கும் இதே பேச்சுதான்.

இன்னொன்று, கப்பலில் போகிறவர்கள் 'விமானம்' என்ற கட்டத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அது கப்பலுக்கும் சேர்த்துத்தான், கப்பல் பெயரை எழுதினோம், ஏற்றுக்கொண்டது.

சிங்கப்பூரிலிருந்து

இலங்கை அல்ல, இங்கிலாந்து. ஆனால் பெயர்க் கதை ஒன்றேதான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாஸ்போர்ட்டுக்கு இங்கிலாந்து போக விசா வேண்டியதில்லை. 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ வேண்டும் என்று ஆகிவிட்டது. முதலில் 10 பவுண்டு, அந்த ஏப்ரலில் 16 ஆக்கினார்கள். இரண்டு வருஷம் செல்லும், பாஸ்போர்ட் முன்னால் முடிந்தால் அதோடு முடிந்தது. மகள் படிக்கிற ஊருக்கு என் மாமியாரை அழைத்துப் போனோம், அவருக்கு 74 வயது, ஆசியாவைத் தாண்டி முதல் பயணம்.

கைப்பேசிச் செயலியில்தான் செய்தோம். பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சில்லைக் கைப்பேசி படிக்க வேண்டும். கைப்பேசி உறையைக் கழற்றி, பாஸ்போர்ட்மேல் அசையாமல் வைத்திருந்தால்தான் படிக்கிறது. பிறகு முகத்தைப் படம் பிடிக்கச் சொல்லும். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் திரை தெரியாது, கண்ணாடி போட்டால் படம் சரியாக விழாது. நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, என் குரல் வர்ற பக்கம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி ஆறாவது தடவையில் எடுத்தேன். பெயரில் 'டி/ஓ' (இன்னாரின் மகள்) வரும் நம்மவர்கள் சாய்கோட்டைப் பற்றிக் கவலைப்படுவார்கள். விமான டிக்கெட்டில் சாய்கோடு இல்லாமல்தான் வந்தது. இருவருக்குமே ஒரு தொந்தரவும் வரவில்லை.

கோத்தகிரியிலிருந்து, மீண்டும்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் என்ன ஆயிற்று என்று இரண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

தாள், திரும்பி வரும் டிக்கெட், ஹட்டனில் அறை எடுத்த ரசீது, மஞ்சப்பை எல்லாவற்றையும் அம்மா மடியிலேயே வைத்திருந்தார். குடிவரவு மேசையில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பினார், பிறந்த இடத்தில் கண் நின்றது. நிமிர்ந்து பார்த்து, உடைந்த தமிழில், "நுவரெலியா... எங்கே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய நம்பர் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சின்ன வயதில் காணாமல் போனால் சொல்ல வேண்டும் என்று தாத்தா மனப்பாடம் பண்ண வைத்ததாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்தினார். அட்டையும் ரசீதும் யாரும் கேட்கவில்லை.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து பதுளை ரயிலில் ஏறி ஹட்டனில் இறங்கினோம். நடைமேடையில் பெரியம்மா நின்றிருந்தார். அம்மா பெட்டியை என்னிடம் கொடுத்தார், மஞ்சப்பையை மட்டும் கொடுக்கவில்லை.