பொருள்: ‘சார்ட்டிங்’ என்பதற்குத் தரம்பிரிப்பா, கொழிப்பா?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

படிவுப் பாறைச் சொற்பட்டியலில் ‘சார்ட்டிங்’ என்பதற்குத் ‘தரம்பிரிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். தண்ணீரோ காற்றோ தான் சுமந்துவரும் கல்லையும் மணலையும் பருமன்வாரியாகப் பிரித்துப் போடுவதுதான் சார்ட்டிங். எனக்கு அது ஒட்டவில்லை. தரம் என்றாலே நல்லது, மட்டம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்தார்கள், சரி. ஆற்றுக்கு மட்டமான மணல் என்று ஒன்று உண்டா? ‘கொழிப்பு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

மலேசியாவில் எங்கள் ஊரான பத்துகாஜாவில் போன வாரம் நல்ல மழை. செம்பனைக் காட்டுச் சரிவில் இறங்கிய தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். சரிவு முடிகிற இடத்தில் சரளைக்கல். பத்தடி தள்ளி, லோங்காங் (வடிகால்) ஓரமாக, வெள்ளை மணல் வரிவரியாகக் கிடந்தது. அதற்கும் கீழே பள்ளத்தில் மாவு போன்ற சேறு. வேகம் குறையக் குறையத் தண்ணீர் பெரியதை முதலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. என் பாட்டி முறத்தில் செய்ததும் இதுதான். புடைத்தால் உமி பறக்கும். சாய்த்துப் பக்கவாட்டில் ஆட்டிக் கொழித்தால் அரிசி ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம் ஒதுங்கும்.

இந்த வட்டாரத்தில் டூலாங் என்ற தட்டில் ஈயம் (வெள்ளீயம், ‘டின்’) அலசிய சீனப் பெண்களும் கொழிக்கத்தான் செய்தார்கள். ஈயத்தாது தண்ணீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு கனம், குவார்ட்ஸ் மணல் 2.65 மடங்குதான். மணல் வழிந்தோட, கறுப்பாக ஈயம் தங்கும். அது கனத்தால் பிரிவது. மணற்கல்லில் நாம் பேசுவது பெரும்பாலும் பருமனை.

காற்று இன்னும் கறார். சரளையைத் தூக்க அதற்குத் தெம்பில்லை, தூசியை எங்கோ கொண்டுபோய்விடும். இடைப்பட்ட மணல் மட்டும் தத்தித் தத்திப் போய்க் குன்றாகக் குவியும். பாலைவன மணற்குன்றில் ஒரு பிடி அள்ளினால் மணிகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருப்பது அதனால்தான். பனியாறு நேரெதிர், பாறாங்கல்லையும் கல்மாவையும் ஒன்றாகப் போட்டுவிடும். முன்னதை ‘நன்கு கொழித்த படிவு’, பின்னதைக் ‘கொழிபடாப் படிவு’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கலே இல்லை.

கொழித்த மணலில் மணிகளுக்கிடையே இடம் மிகுதி. கலவையாக இருந்தால் சிறுமணி புகுந்து சந்துகளை அடைத்துவிடும். மணல் புதைந்து, சிலிக்காவோ சுண்ணமோ பிணைத்துக் கல்லான பிறகும் இந்த வேறுபாடு பெரிதும் நிற்கும். நிலத்தடி நீரையும் எண்ணெயையும் தேடுகிறவர்களுக்கு இது முக்கியம்.

‘செல்வம் கொழிக்கும்’ என்பதோடு குழம்பாதா என்று நேற்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது அம்மா. அலை மணலைக் கரையில் ஒதுக்குவதையும் கொழித்தல் என்றே அகராதி சொல்கிறது. மணலுக்கு இந்தச் சொல் புதிதில்லை.

ஐயா, பட்டியலில் இப்போதைக்கு இரண்டையும் வைத்திருங்கள். நாளை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் முறமும் லோங்காங் மணலும் கொண்டுபோகிறேன். அவர்கள் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
பத்துகாஜாவிலிருந்து