யோமரி (நேபாளத்து இனிப்புக் கொழுக்கட்டை) விரிசல் விடாமல் வர வழி சொல்லுங்கள்

எங்கள் மாடியில் குடியிருக்கும் நேபாளத்து நேவார் இனத் தம்பதியின் மகனுக்கு அடுத்த வாரம் 2 வயது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் அந்த வயதில் பிள்ளைக்கு யோமரி மாலை போடுவார்களாம். பாட்டி வர முடியவில்லை, அதனால் நான் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன்.

யோமரி நம் பூரணக் கொழுக்கட்டை மாதிரிதான். அரிசி மாவுக் கூட்டுக்குள் சாக்கு என்கிற கெட்டிக் கரும்புப் பாகும் எள்ளும். ஆனால் வடிவம் மீன் போல, கூரான வாலோடு. அந்த வால்தான் பாடாய்ப் படுத்துகிறது. வெந்நீரில் பிசைந்தும் விரலால் குழிக்கும்போது விரிசல் விடுகிறது. ஆவியில் வைத்தால் பாகு ஒழுகுகிறது.

அரிசியை ஊறவைத்து இடித்த மாவுதான் வேண்டுமா? சாக்குக்குப் பதில் வெல்லத்தை எந்தப் பதத்தில் காய்ச்சலாம்? செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு மாலை நன்றாக அமைய வேண்டும்.