மகனை இழந்த சகோதரியை எப்படித் தேற்றுவது? ஆலோசனை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். என் கணவர் மறைந்த பின்பு, தூக்கம் வராத இரவுகளில் வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தே நாட்களைக் கடத்தினேன். அந்தப் பக்கத்தின் ஓரம் இன்று கிழிந்தே போய்விட்டது. இப்போது எங்கள் தெருவில் மகனைப் பறிகொடுத்த ஒரு சகோதரி, ஜெபிக்க வருகிறவர்களைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார்.

தேவனிடம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறரைத் தேற்றுவதைப் பற்றி 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். ஆனால் “எல்லாம் தேவ சித்தம்” என்று பிறர் (நல்ல மனதோடுதான்) சொன்னபோது எனக்கே வலித்தது. வேதத்தில், பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர் 7 நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள் என்று தோன்றுகிறது.

பிள்ளையை இழந்தவர்களோடு பழகிய அனுபவமுள்ளவர்கள், அவரை முதலில் எவ்வாறு அணுகலாம், எந்த வேதப்பகுதியை எப்போது வாசித்துக் காட்டலாம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.