பிள்ளைகளுக்கு வார இறுதி பேஸ்பால் லீக்: அமெரிக்காவில் எப்படித் தொடங்கினார்கள்? திங்கள்சந்தைப் பக்கம் நடக்குமா?

திங்கள்சந்தை அப்பா:

என் மச்சான் பென்சில்வேனியாவிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பெரிய பை நிறைய பேஸ்பால் சாமான் கொண்டுவந்தான். அவன் மகனுக்குச் சின்னதாகிப்போன கிளவ், அக்கம்பக்கத்து வீடுகளில் சும்மா கிடந்த கிளவ், இரண்டு அலுமினிய பேட், ஒரே ஒரு ஹெல்மெட். முதல் நாள் எங்கள் தெருப் பிள்ளைகள் கிளவை வலது கையில் மாட்டிக்கொண்டு, பந்து கையில் வந்ததும் எப்படி எறிவது என்று முழித்தார்கள். இப்போது பழகிவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூட கிரவுண்டில் இருபது, இருபத்தைந்து பேர் கூடுகிறார்கள். பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள்.

அங்கே ஊருக்கு ஊர் பிள்ளைகளுக்கான லீக் இருக்கிறதாம். நடத்துவது முழுக்க அப்பா அம்மாக்களாம், ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாதாம். இது எப்படி ஆரம்பித்தது, இத்தனை வருடம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம் பக்கம் ஒரு கிளப் தொடங்கினால் மூன்றாம் வருடம் அது இரண்டு கிளப் ஆகிவிடுகிறது, அதனால்தான் கேட்கிறேன். நாலு டீம் வைத்துச் சின்னதாக ஒரு லீக் நடத்த ஆசை.

மார்த்தாண்டம் – நியூஜெர்சி:

எனக்கு ஒழுங்காக பேட் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் மகள் ஆடுவதால் பல வருடமாக இங்கே உள்ளூர் லீகில் ஸ்கோர் எழுதுகிறேன், தின்பண்டக் கடையில் நிற்கிறேன், கோடு போடுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் மச்சான் சொல்வது லிட்டில் லீக். பிறந்தது அவர் இருக்கும் அதே பென்சில்வேனியாவில், வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில். கார்ல் ஸ்டாட்ஸ் என்று ஒரு சாதாரண குமாஸ்தா. அவருக்கு மகன் இல்லை. உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேரோடு வீட்டு முற்றத்தில் பந்து எறிந்து விளையாடுவார். பெரியவர்கள் ஆடும் மைதானத்தில் ஒரு பேஸிலிருந்து (ஓடுகிறவர் கால் வைத்து நிற்கும் இடம்) அடுத்த பேஸுக்கு 90 அடி. பத்து வயதுப் பையன் எறிந்தால் பந்து பாதி வழியில் தரையில் உருளும். 1938 கோடையில் அந்தப் பையன்களையும் அவர்கள் கூட்டாளிகளையும் வைத்து எறியவிட்டு, ஓடவிட்டு, எந்தத் தூரம் சரியாக வருகிறது என்று பார்த்தார். கடைசியில் 60 அடியில் வந்து நின்றது. இன்றுவரை 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதே 60 அடிதான். ஆட்டமும் ஒன்பது இன்னிங்ஸ் இல்லை, ஆறு.

அப்புறம் காசு. இது நம்ம ஊர் ஆள்களுக்கு நன்றாகப் புரியும். சட்டை, பந்து வாங்கப் பணம் கேட்டு ஊரில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். 56 இடத்தில் இல்லை என்று சொன்னார்களாம். அடுத்ததாக ஒரு பால் நிறுவனம், லைகமிங் டெய்ரி, 30 டாலர் கொடுத்தது. பிறகு ஒரு மரக்கடை, ஒரு பிரெட்சல் பலகாரக் கம்பெனி. மூன்று அணி, மூன்று ஸ்பான்சர். ஸ்டாட்ஸும் பெபிள் சகோதரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அணியைப் பார்த்துக்கொண்டார்கள். 1939 ஜூன் 6 அன்று முதல் ஆட்டம். மரக்கடை அணி பால் கம்பெனி அணியை 23-8 என்று வென்றது. ஸ்கோரைப் பார்த்தாலே தெரியும், பந்து பிடிக்க ஒருத்தருக்கும் வரவில்லை. எட்டே வருடத்தில், 1947ல், பல ஊர் அணிகளைக் கூட்டி முதல் பெரிய போட்டி வைத்துவிட்டார்கள். பென்சில்வேனியாவுக்கு வெளியிலிருந்து வந்தது எங்கள் நியூஜெர்சியின் ஹாமண்டன் அணி மட்டும். (எங்கள் லீக் பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்கள்.)

நீங்கள் உடைவதைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேயும் உடைந்தது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் என்ற பெரிய கம்பெனி ஸ்பான்சராக உள்ளே வந்தது. 1952ல் அந்தக் கம்பெனி ஆளே தலைவரானார். இது வியாபாரமாகப் போகிறது, உள்ளூர் லீகுகளுக்கு நிர்வாகத்தில் குரல் வேண்டும் என்று ஸ்டாட்ஸ் சண்டை போட்டார், கோர்ட்டுக்கும் போனார். 1956ல் வெளியே வந்தார். தான் தொடங்கிய அமைப்பில் தனக்கே இடமில்லாமல், முதல் ஆட்டங்கள் நடந்த வட்டாரத்திலேயே ‘ஒரிஜினல் லீக்’ என்று தனியாகப் பல வருடம் நடத்தினார். ஆக, கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி, நற்பணி மன்றம் எல்லாவற்றிலும் நாம் பார்க்கும் அதே கதை. ஆனால் தலைமையில் அவ்வளவு நடந்தும் ஊர் ஊராக இருந்த லீகுகள் நின்றுபோகவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு ஊருக்கும் தனி நிர்வாகம், தனிக் கணக்கு, கிரவுண்டு சாவி உள்ளூர்க்காரர் கையில். மேலே யார் தலைவர் என்பது சனிக்கிழமை காலை கோடு போடுகிறவருக்குப் பெரிய விஷயமே இல்லை.

என் கருத்தில் உங்களுக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரு லீகில் நாலு அணி என்றால், தெருவுக்கு ஒரு அணி என்று பிரிப்பதில்லை. பிள்ளைகளை ஒருநாள் வரச்சொல்லி எறியவிட்டுப் பார்த்து, பயிற்சியாளர்கள் முறைபோட்டு ஆளாளுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் ஒரே தெருப் பிள்ளைகள் நாலு அணியிலும் கலந்து கிடப்பார்கள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். சர்ச் பிள்ளைகள் ஒரு டீம், கோயில் தெருப் பிள்ளைகள் ஒரு டீம், பள்ளிவாசல் பக்கம் ஒரு டீம் என்று வைத்தீர்களோ, முதல் மாதமே ஆட்டம் வேறு ஆட்டமாகிவிடும்.

அங்கே கலப்பதும் சும்மா நடக்கவில்லை. 1955ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. என்று கறுப்பினப் பிள்ளைகளின் அணி போட்டிக்குப் பதிவு செய்தது. அவர்களோடு ஆட மாட்டோம் என்று அந்த மாநிலத்து வெள்ளையர் அணிகள் மொத்தமும் விலகிக்கொண்டன. சரி, எதிராளி வராவிட்டால் இவர்கள்தானே வெற்றி? ஆனால் ஆடி ஜெயித்தால்தான் மேலே போகலாம் என்ற விதியைக் காட்டி அவர்களைச் சேர்க்கவில்லை. விருந்தாளியாக வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்து, பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தார்கள். ‘அவர்களை ஆடவிடுங்கள்’ என்று கூட்டம் கத்தியது. ஆடவிடவில்லை. விலகிப்போனவர்கள் தங்களுக்கென்று தனி லீகே தொடங்கிக்கொண்டார்கள்.

தூத்தூர் கரை:

அண்ணன் சொன்ன வரலாறு நன்று. ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் கடற்கரையில் நடக்கப் பழகும்போதே பந்து உதைக்கிற பிள்ளைகள். ஒவ்வொரு ஊரிலும் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது, டோர்னமென்ட் நடக்கிறது. இருக்கிற கால்பந்துக்கே நல்ல கிரவுண்டு இல்லாதபோது புதிதாக பேஸ்பால் எதற்கு? அதுவும் அப்பாக்கள் நடத்த வேண்டும் என்கிறீர்கள். எங்கள் ஊரில் தங்குகடலுக்குப் போனவர் கரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். மீதிப்பேர் வளைகுடாவில். யார் வந்து கோடு போடுவது?

இன்னொன்று. செவன்ஸ் கால்பந்தில் (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) கெஸ்ட் பிளேயர் என்று கேரளத்திலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்குகிறார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்டோர் என்று நோட்டீஸ் அடித்த போட்டியிலேயே மீசை வைத்தவர் கோல் போட்டுப் பார்த்திருக்கிறேன். இந்த நோய் பேஸ்பாலுக்கு வராதா?

மார்த்தாண்டம் – நியூஜெர்சி:

வராமல் என்ன, அங்கேயே வந்தது. 1992ல் லிட்டில் லீக் உலகப் போட்டியில் வென்ற பிலிப்பைன்ஸின் ஜாம்போவாங்கா அணியில் வெளி வட்டாரத்துப் பிள்ளைகள் இருந்தது தெரிந்து பட்டத்தைப் பறித்தார்கள். 2001ல் நியூயார்க் பிராங்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிகிறவர்), ஒரு பையன், எல்லாரையும் அவுட்டாக்கி அசத்தினான். பிறகு பார்த்தால் 12 வயது இல்லை, 14. அந்த அணியின் வெற்றிகளையே அழித்துவிட்டார்கள். அதனால் இப்போது எங்கள் சின்ன லீகில்கூட பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் கொடுக்காமல் பெயர் பதிய முடியாது. எந்த லீக், எந்தத் தெருவரை என்று வரைபடத்தில் எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பரிசுப் பணம் வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை போய்விடும். ஐயாயிரம் ரூபாயும் ஒரு ஆளுயரக் கோப்பையும் வைக்கிற இடத்துக்குத்தான் மீசை வருகிறது.

கால்பந்தை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் கரையில் கால்பந்தே இருக்கட்டும். அதே விதிகளை அதில் வைத்துப் பாருங்கள். அப்பாக்கள் விஷயத்துக்கு மட்டும் ஒரு சேதி: எங்கள் லீகில் தலைவர் ஒரு அம்மா, பொருளாளர் ஒரு அம்மா, என் மகளின் பயிற்சியாளரும் ஒரு அம்மாதான். மகளிர் சுயஉதவிக் குழுவில் மாதாமாதம் சல்லி பிசகாமல் கணக்கு எழுதுகிறவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்!

ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர்:

பாதிப்பேர் பெண் பிள்ளைகள் என்று படித்ததும் சந்தோஷம். பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் (பேஸ்பால் போலவே, பெரிய பந்தில் ஆடுவது) இரண்டுமே உண்டு, எனவே இது வெறும் பொழுதுபோக்காக நிற்க வேண்டியதில்லை. ஆனால் தம்பி, எட்டாம் வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். என் அனுபவத்தில் கிரவுண்டில் பாத்ரூம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நின்றவர்கள்தான் அதிகம். பள்ளிக்கூட கிரவுண்டு கேட்கும்போது அந்தச் சாவியையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் பெண்கள் முதலிலிருந்தே ஆடினார்களா?

மார்த்தாண்டம் – நியூஜெர்சி:

இல்லை டீச்சர். 1950ல் நியூயார்க் மாநிலத்தில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி முடியை வெட்டிக்கொண்டு, பையன் பெயர் சொல்லி அணியில் சேர்ந்தாள். அடுத்த வருடமே பெண்கள் ஆடக் கூடாது என்று விதி எழுதிவிட்டார்கள். 1972ல் எங்கள் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே மூன்று ஆட்டம் ஆடினாள். அவளை நீக்காவிட்டால் ஊர் லீகின் அங்கீகாரமே போகும் என்று மேலிடம் மிரட்டியது, நிறுத்தினார்கள். வழக்கு நடந்து 1973ல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 1974ல் விதி மாறியது, சாஃப்ட்பால் பிரிவும் தொடங்கியது. ஆனால் மரியாவுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. என் மகள் இன்று அதே மாநிலத்தில் பிட்சராக நிற்கிறாள். 2014ல் மோனே டேவிஸ் என்ற சிறுமி உலகப் போட்டியில் பிட்சராக நின்று எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தாள். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

திங்கள்சந்தை அப்பா:

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, நேரடியாகக் கேட்கிறேன். ஏப்ரல் நடுவில் பரீட்சை முடிகிறது. ஜூன் பிறந்தால் மழை. நடுவில் ஆறு வாரம்தான் இருக்கிறது. ஐப்பசியில் இன்னொரு மழை, அப்போது கிரவுண்டு குளம். ஆறு வாரத்தில் ஒரு லீக் ஆக முடியுமா? எங்கிருந்து தொடங்க?

மார்த்தாண்டம் – நியூஜெர்சி:

தாராளமாக முடியும். நாலு அணி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு இரண்டு முறை, ஆளுக்கு ஆறு ஆட்டம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டமும் முடிந்துவிடும். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பந்து எறியவே வேண்டாம், இடுப்பு உயரத்துக்கு ஒரு பிவிசி குழாயை நட்டு அதன்மேல் பந்தை வைத்து அடிக்கவிடுங்கள். பேஸுக்குக் குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் ஷீட் வாங்கிச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். முதல் வருடம் கடினமான பேஸ்பால் பந்தே வேண்டாம், டென்னிஸ் பந்து போதும்.

விதி எழுதும்போது இரண்டை விட்டுவிடாதீர்கள். ஒன்று, வந்த பிள்ளை எல்லாரும் ஆட வேண்டும். லிட்டில் லீகில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவையாவது பேட்டிங், ஆறு அவுட் வரை ஃபீல்டிங் என்று இருக்கிறது. சுமாராக ஆடுகிறவனை மூன்று சனிக்கிழமை ஓரத்தில் உட்காரவைத்தால் நாலாவது சனிக்கிழமை அவனும் வரமாட்டான், கோடு போட வருகிற அவன் அம்மாவும் வரமாட்டார். இரண்டு, பிட்சர் எறியும் பந்தை எண்ணுங்கள். வளரும் வயதில் முழங்கை எலும்பின் நுனி இன்னும் இறுகியிருக்காது. 2007லிருந்து அங்கே கணக்கு வைக்கிறார்கள்: ஒரு நாளில் 7, 8 வயதுக்கு 50 பந்து, 9, 10க்கு 75, 11, 12க்கு 85. நன்றாக எறிகிற ஒரே பையனை வைத்து ஆட்டம் முழுக்க ஓட்டுகிற ஆசை எல்லா அப்பாவுக்கும் வரும். எண்ணுகிறவர் அந்த அப்பாவாக இருக்கக் கூடாது.

கணக்கு நோட்டு ஒருவரிடம், பணம் இன்னொருவரிடம். ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டுப் பழம்பொரியும் கட்டன் சாயாவும் விற்றால் பந்துச் செலவு அதிலேயே வரும். எங்கள் லீகே பாதி அப்படித்தான் ஓடுகிறது. கடைக்காரர்களிடம் போகும்போது பெரிய தொகை கேட்காதீர்கள், ஒரு டீமுக்குச் சட்டை என்று மட்டும் கேளுங்கள். முதுகில் கடைப் பெயர் வரும் என்றால் ஜவுளிக்கடை, பேக்கரி எல்லாம் யோசிக்கும்.

ஹெல்மெட் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பேட் செய்கிறவருக்கு ஒன்று, பேஸில் ஓடி நிற்கிறவர்களுக்கு மூன்று, அடுத்து வரக் காத்திருப்பவருக்கு ஒன்று என்று குறைந்தது ஐந்து வேண்டும். பந்தைக்கூட அப்புறம் பார்க்கலாம், இதை முதலில் முடியுங்கள். கிரிக்கெட் ஹெல்மெட்டை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள், பக்கத்தில் காது மூடியிருக்கும் பேஸ்பால் ஹெல்மெட்டே வேண்டும். உங்கள் மச்சான் ஊரில் சீசன் முடிந்ததும் சின்னதாகிப்போனவற்றைச் சும்மா கொடுப்பார்கள், அடுத்த லீவுக்கு முன்னால் சொல்லி வையுங்கள். நான் ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன், பெட்டியில் மூன்றுக்கு இடம் ஒதுக்குகிறேன். அளவு மட்டும் எழுதுங்கள்.