மெடிக்கல் கலெக்‌ஷன் 1,340 டாலர், எங்க கடனே இல்லை. ரிப்போர்ட்டிலிருந்து எப்படி எடுக்கிறது?

குறிஞ்சிமலர்:
அவசரம். க்ரெடிட் ரிப்போர்ட்ல 1,340 டாலர் மெடிக்கல் கலெக்‌ஷன்னு நிக்குது, அதாவது கட்டாத பில்லை வசூல் ஏஜென்சிகிட்ட விட்டிருக்காங்களாம். எங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு, ஒரு பில் கூட வரலை. லோன் ஆபீசர் சொல்லித்தான் தெரியும். 24ஆம் தேதி வீட்டு க்ளோசிங் (வாங்கி முடிக்கிற நாள்). கட்டித் தொலைச்சிடலாமா, சண்டை போடலாமா?

சேலத்துக்காரன்:
எந்த ஸ்டேட்? யாருக்கு வைத்தியம், எந்த வருஷம்? பில் போட்டது ஆஸ்பத்திரியா, டாக்டர் குரூப்பா? க்ரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கிற மூணு பீரோவிலும் இருக்கா?

ராஜி டாலஸ்:
மெடிக்கல் கடனை ரிப்போர்ட்ல போடவே கூடாதுன்னு 2025ல ரூல் வந்தாச்சே! கவலைப்படாதீங்க.

கணக்கர்:
பாதி செய்தியைப் படிச்சுட்டு ஆறுதல் சொல்லாதீங்க ராஜி. சிஎஃப்பிபி (அமெரிக்க அரசோட நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு) அந்த விதியைக் கொண்டுவந்தது 2025 ஜனவரி. ஜூலையிலேயே டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. இப்போ இருக்கிறது பீரோக்கள் தாங்களா ஒத்துக்கிட்டதுதான்: 2022 ஜூலையிலிருந்து, கட்டி முடிச்ச மெடிக்கல் கலெக்‌ஷன் ரிப்போர்ட்ல இருக்காது, கட்டாததும் ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஏறும். 2023லிருந்து 500 டாலருக்குக் கீழே இருந்தா ஏறாது. இதை இங்கேயே பல தடவை எழுதியிருக்கேன். தேடிப் பார்த்துட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

குறிஞ்சிமலர்:
தேடற நிலைமையில நான் இல்லைங்க. டெக்சாஸ். ரெண்டாவது குழந்தை 2023 நவம்பர்ல பிறந்தப்போ உள்ளது. குழந்தை டாக்டர் குரூப் பேர்ல, ஒரே ஒரு பீரோவில் மட்டும் இருக்கு.

பாலைவனப் பறவை:
அப்போ கட்டிடுங்க சிஸ்டர். கட்டினா எடுத்துடுவாங்கன்னு மேலேயே இருக்கே. வீடு முக்கியம்.

சேலத்துக்காரன்:
கட்டாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. ஒண்ணு சொல்லுங்க: உங்க லாஸ்ட் நேம் உங்க அப்பா பேரா? குழந்தையோடது உங்க வீட்டுக்காரர் பேரா?

குறிஞ்சிமலர்:
ஆமா. எப்படித் தெரியும்?

சேலத்துக்காரன்:
என் மகளுக்கும் இதேதான் நடந்தது. பிறந்த உடனே கையில கட்டற பட்டையில "பேபி கேர்ள்"னு போட்டு, பக்கத்துல அம்மாவோட லாஸ்ட் நேம். எங்க வீட்டுல அது என் மாமனார் பேர். நான் கம்பெனி இன்சூரன்ஸ்ல சேர்த்தது என் பேரை லாஸ்ட் நேமா வச்சு. டாக்டர் குரூப் பட்டையில இருந்த பேர்ல க்ளெய்ம் அனுப்பினாங்க. அப்படி ஒரு மெம்பரே இல்லைன்னு இன்சூரன்ஸ் திருப்பிட்டாங்க. பிறந்த 30 நாளுக்குள்ள சேர்த்திருந்தா பிறந்த தேதியிலிருந்தே கவரேஜ் உண்டு.

முதல்ல இன்சூரன்சுக்கு ஃபோன் பண்ணி அந்தத் தேதி க்ளெய்மைத் தேடச் சொல்லுங்க. உங்க பேர், பாப்பா பேர் ரெண்டிலும் தேடணும். பேரைச் சரிபண்ணி மறுபடி ப்ராசஸ் பண்ணக் கேளுங்க. ஈஓபியில (இன்சூரன்ஸ் அனுப்பற கணக்கு விவரம்) "பேஷன்ட் ரெஸ்பான்சிபிலிட்டி"னு, நீங்க கட்ட வேண்டிய பங்குக்கு ஒரு கட்டம் இருக்கும். குரூப் இன்‑நெட்வொர்க்னா (இன்சூரன்ஸோட ஒப்பந்தத்துல இருந்தா) அந்தத் தொகைக்கு மேல உங்ககிட்ட கேட்க முடியாது.

கொங்குத் தமிழச்சி:
இதுக்குத்தான் குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே லாஸ்ட் நேம் வைக்கணும்னு சொல்றேன். இந்த ஊருக்கு வந்தாச்சு, இந்த ஊர் வழிக்கு மாறிக்கணும்.

பாலைவனப் பறவை:
ஏன் மாறணும்? எங்க அப்பா பேர் எனக்கு, என் பேர் என் பிள்ளைக்கு. ஜாதிப் பேரைப் பின்னால ஒட்டக்கூடாதுன்னு பெரியவங்க போராடி வந்த வழக்கம் இது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்காக அதை விட முடியாது.

கொங்குத் தமிழச்சி:
ஜாதிப் பேரை யார் வைக்கச் சொன்னா? தாத்தா பேரை எல்லாருக்கும் வைக்கலாமே. பாஸ்போர்ட்ல லாஸ்ட் நேம் காலியா இருந்ததால என் தம்பிக்கு விசாவில "எஃப்என்யூ"ன்னு (முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம்) போட்டு, லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கணக்கர்:
பேர்ச் சண்டைக்குத் தனி இழை திறங்க. குறிஞ்சிமலர், கலெக்‌ஷன் ஏஜென்சிகிட்டயிருந்து கடிதம் வந்ததா? வந்த 30 நாளுக்குள்ள எழுத்துல மறுத்தா, கடனை நிரூபிக்கிற வரை அவங்க வசூலை நிறுத்தணும்.

குறிஞ்சிமலர்:
வரலை. சொல்ல மறந்துட்டேன், 2024 மார்ச்ல அபார்ட்மென்ட் மாறினோம்.

கணக்கர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். பீரோவில டிஸ்பியூட் (இது தப்புன்னு மறுப்பு) போட்டா 30 நாள் எடுக்கலாம், உங்க தேதிக்கு எட்டாது. தவிர, டிஸ்பியூட் திறந்திருந்தா சில லெண்டர் லோனை நிறுத்தி வைப்பாங்க. லோன் ஆபீசரைக் கேட்காம அதைப் போடாதீங்க. டாக்டர் குரூப்போட பில்லிங் ஆபீசையே பிடிங்க. அக்கவுன்ட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டோம்னு ஏஜென்சிக்கு அவங்க எழுதணும். ஏஜென்சி கொடுக்கிற கடிதத்தை வச்சு லெண்டர் "ரேபிட் ரீஸ்கோர்" (க்ரெடிட் ஸ்கோரை அவசரமா மறுபடி கணக்குப் போடறது) கேட்டா சில நாள்ல ஸ்கோர் திரும்பும்.

சேலத்துக்காரன்:
கணக்கர் சொல்றது சரி. பேசறவங்க பேர், தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாத்தையும் ஒரே நோட்டுல எழுதி வைங்க. எனக்கு ஆறு ஃபோன் ஆச்சு. நாலாவது ஆள்தான் பேர் மாறியிருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க.

குறிஞ்சிமலர் (நாலு நாள் கழித்து):
அதே பேர்க் குழப்பம்தான். க்ளெய்ம் மறுபடி போயாச்சு, ஈஓபியில எங்க பங்கு 0. குரூப் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, ஏஜென்சி கடிதம் லோன் ஆபீசர்கிட்ட இருக்கு. பாப்பாவுக்கு ஜுரம், அப்புறம் எழுதறேன். ரொம்ப நன்றி அண்ணா.

சேலத்துக்காரன்:
நல்லதும்மா. அந்தக் கடிதத்தையும் ஈஓபியையும் தூக்கிப் போட்டுடாதீங்க. அதே கணக்கு வேற ஏஜென்சி பேர்ல திரும்ப வந்து நின்னிருக்கு, நான் பார்த்திருக்கேன்.

ராஜி டாலஸ்:
க்ளோசிங் ஆச்சா குறிஞ்சிமலர்? பாப்பா எப்படி இருக்கா?